பறையை நடுவில் வையுங்கள்: 1525 குடியானவர் போரை ஒரு சாயங்காலத்தில் சொல்வது எப்படி

எங்கள் வாசகசாலை கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. ஆபீஸ் காகிதத்தில் வாயனசாலை, எங்கள் வாயில் வாசகசாலை. நான் அங்கே நூலகர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை, ஆனாலும் ஊருக்கே டீச்சர்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வெளிநாட்டு வரலாறு ஒன்றைத் தமிழில் சொல்வேன். ஜெர்மன் நாட்டில் 1524லும் 1525லும் குடியானவர்கள் பிரபுக்களை எதிர்த்து எழுந்த கதையை இதுவரை நாலு தடவை சொல்லியாகிவிட்டது. பக்கத்து ஊர் வாசகசாலைக்காரர்கள் “எப்படிச் சொல்றீங்க, எழுதிக் குடுங்க” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதல் தடவை ஊற்றிக்கொண்டது. ஒரு இடத்தில் புரொஜெக்டர் இரவல் வாங்கினேன். வயர் இல்லாமல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சரி, வாயாலேயே சொல்லுவோம் என்று, புராட்டஸ்டண்ட் சபைக்கு வழி திறந்த மார்ட்டின் லூதரில் ஆரம்பித்தேன். 1517, திருச்சபை, பாவமன்னிப்புச் சீட்டு, பேரரசர் ஐந்தாம் சார்லஸ் என்று இருபது நிமிஷம் ஓட்டினேன். பாதிப் பேர் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது தொழிலுறப்பு, அதாவது நூறு நாள் வேலைக்குப் போகிற அக்கா ஒருத்தர் கேட்டார்: “ஏனுங் டீச்சர், அவிங்க என்ன வெள்ளாமை பண்ணுனாங்க?” எனக்கு பதில் தெரியவில்லை. குடியானவர் கதை சொல்ல வந்தவளுக்கு அவர்கள் வயலில் என்ன விளைந்தது என்று தெரியவில்லை. அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிட்டேன்.

ஆகவே முதல் வேலை: லூதரைப் பின்னால் தள்ளுங்கள், வெள்ளாமையை முன்னால் கொண்டுவாருங்கள். கம்பு மாதிரி ஏழைகளின் ரொட்டிக்கு ரை, குதிரைக்கும் கஞ்சிக்கும் ஓட்ஸ், தெற்கே ஸ்வாபியா பக்கம் உமி விடாத ஒரு வகைக் கோதுமை, நெக்கார் ஆற்றங்கரையிலும் ஃப்ராங்கோனியாவிலும் திராட்சைத் தோட்டம், வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோஸ். பனி விழுகிற தேசம், நமக்குப் போல இரண்டு போகம் கிடையாது. நிலத்தை மூன்றாகப் பிரித்து ஒன்றில் குளிருக்கு முந்தின விதைப்பு, ஒன்றில் வசந்தகால விதைப்பு, மூன்றாவதைத் தரிசாகப் போட்டு மாடு மேய்ப்பார்கள். விதைத்ததற்கு நாலைந்து மடங்கு கண்டால் நல்ல வருஷம். இதைச் சொன்னதும் கூட்டத்தில் இருக்கிற வயசாளிகள் “அவ்வளவுதானா?” என்று நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள்.

சேகரிக்க வேண்டியவை

ஒரு பறை. கொட்டுகிற பறை இல்லை, நெல் அளக்கிற பறை. கல்யாணத்துக்கு நிறைபறை வைக்க என்று ஊரில் யாராவது ஒரு வீட்டில் பித்தளைப் பூண் போட்டு பத்திரமாக வைத்திருப்பார்கள். அதோடு ஒரு எடங்கழியும் வேண்டும். பத்து எடங்கழி ஒரு பறை என்பது கதைக்கு அளந்து செய்தது மாதிரி பொருந்திவரும், கொஞ்ச நேரத்தில் பார்ப்பீர்கள். ஒரு பறை நெல். மழை விட்ட பிறகு பிள்ளைகளை அனுப்பினால் ஆப்பிரிக்க நத்தையின் காலி ஓடுகள் ஒரு கூடை கிடைக்கும். இந்த நத்தையால் நமக்கு வந்த ஒரே உபயோகம் இதுதான். கயிறு கட்டின பழைய செருப்பு ஒன்று, கொஞ்சம் நல்ல சேலை ஒன்று, மாட்டுக் கயிறு ஒன்று, சாக்பீஸ். புரொஜெக்டர் வேண்டாம். இருட்டில் யார் முகமும் தெரியாது, முகம் தெரியாவிட்டால் எங்கே நிறுத்துவது என்று உங்களுக்குத் தெரியாது.

வரைபடத்தைத் தரையில் போடுங்கள். சிமெண்டுத் தரையில் நடுவில் ஒரு ஏரி: கான்ஸ்டன்ஸ் ஏரி. அதிலிருந்து ரைன் ஆறு முதலில் மேற்கே போய், பிறகு வடக்கே திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு உள்பக்கம் கருங்காடு. காட்டிலிருந்து டான்யூப் கிழக்கே ஓடும். ஏரிக்கு வடகிழக்கே மெம்மிங்கன் என்ற ஊருக்கு ஒரு புள்ளி. மிக வடக்கே, கிட்டத்தட்ட வாசற்படி பக்கம், ஃப்ராங்கன்ஹௌசன். இந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் நம்ம ஊரிலிருந்து திருவனந்தபுரத்தையும் தாண்டிப் போகிற தூரம் என்று சொல்லிவிடுங்கள். கலகம் இவ்வளவு தூரம் பரவியது, ஆனால் ஒரே சேனையாக ஒருநாளும் சேரவில்லை. இது பிற்பாடு உதவும்.

ஜெர்மனி என்று ஒரு நாடு அப்போது கிடையாது. பேரரசர் பெயருக்கு மேலே இருப்பார்; கீழே பிரபுக்கள், ஆயர்கள், மடாதிபதிகள், குதிரைவீரர் குடும்பங்கள், சுதந்திர நகரங்கள் என்று நூற்றுக்கணக்கில் துண்டு துண்டாக ஆட்சி. இதைப் புரியவைக்கப் பலர் திண்டாடுவார்கள். நமக்குச் சிரமமே இல்லை. சித்தூர் தாலூகா கொச்சி ராஜாவுக்கு, பாலக்காடு வெள்ளைக்காரனின் மலபார் ஜில்லா, கிழக்கே நடந்தால் கோயம்புத்தூர் ஜில்லா. காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் மூன்று ஆட்சியைக் கடந்த பாட்டன்மார் பேரன்கள்தான் எதிரில் உட்கார்ந்திருப்பது. சோதனைச்சாவடியில் இன்றைக்கும் லாரி நிற்கிற ஊர் இது. “அங்கே அந்த மாதிரி நூறு சாவடி” என்றால் போதும்.

பறையை அளக்கிற காட்சி

இதற்கு நிறைய நேரம் கொடுங்கள். பறை நிறைய நெல்லைக் கொட்டி, ஒருத்தரைக் குடியானவராக நிறுத்துங்கள். முதல் எடங்கழியை எடுத்துத் தனியே வையுங்கள்: இது தசமபாகம், பத்தில் ஒன்று, கோயிலுக்கு. கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை வேதத்திலிருந்தே தெரிந்திருக்கும். ஆனால் அந்தத் தானியம் உள்ளூர் சாமியாருக்குப் போய்ச் சேர்ந்தால் பரவாயில்லை. பல இடத்தில் அது தொலைவில் இருக்கிற மடத்துக்கோ, அந்த உரிமையை விலைக்கு வாங்கின பிரபுவுக்கோ போனது. அடுத்து இரண்டு எடங்கழி: அடுத்த வருஷ விதை. அதை யாரும் பிடுங்கவில்லை, ஆனால் தின்னவும் முடியாது. அடுத்து நிலத்துக்குப் பாட்டம், அதாவது குத்தகை. இது ஊருக்கு ஊர் மாறும், நான் இரண்டு எடுப்பேன். பறையில் மிச்சம் பாதிதான். அதில்தான் வீடு சாப்பிடணும், உப்பு வாங்கணும், அபராதம் கட்டணும்.

தானியத்தோடு முடியவில்லை. கன்றுக்குட்டி, காய்கறி இவற்றுக்கும் ‘சிறிய தசமபாகம்’ என்று ஒன்று உண்டு. பிறகு பிரபுவின் வயலில் சம்பளமில்லாத வேலை. இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்வேன்: நாம் இப்போது ‘வெட்டி வேலை’ என்று சிரித்துக்கொண்டு சொல்கிறோமே, பழைய கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்றால் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய வேலை. வார்த்தை மட்டும் தப்பிப் பிழைத்து வந்திருக்கிறது.

இப்போது மாட்டுக் கயிறையும் சேலையையும் எடுங்கள். உடலே பிரபுவுக்குச் சொந்தம் என்கிற ஒரு நிலை அங்கே இருந்தது. அதில் சிக்கினவன் பிரபுவின் எல்லைக்கு வெளியே பெண் எடுக்க அனுமதி வாங்கணும். அவன் செத்தால் வீட்டில் இருக்கிற நல்ல மாடு பிரபுவுக்கு. அவள் செத்தால் நல்ல துணி. துக்க வீட்டில் எட்டாம் நாள் காரியம் முடியும் முன்னால் காரியஸ்தன் வந்து கொட்டகையைப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். சேலையை மடித்து பறை மேல் வைத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இந்த இடத்தில் வயசாளிகள் கதையைக் கைப்பற்றிக்கொள்வார்கள். எங்கள் அப்பாரு பாட்டநெல்லைத் தலைச்சுமையாக ஜன்மி, அதாவது நிலச்சொந்தக்காரர், வீட்டுப் பத்தாயத்துக்குக் கொண்டுபோனவர். “வாங்குற பறை வேற, குடுக்குற பறை வேற” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கும்போது கூம்பு அளவு, விதைக்கடன் கொடுக்கும்போது கையால் வழித்துத் தலைதட்டின அளவு. இதே கதை கூட்டத்தில் நாலு பேருக்காவது இருக்கும். பத்து நிமிஷம் பேச விடுங்கள். அதற்கு மேல் விட்டால் கடைசி பஸ் போய்விடும், 1525 பாக்கி நிற்கும்.

நத்தை ஓட்டிலிருந்து மெம்மிங்கன் வரை

கூடையைக் கவிழ்த்து நத்தை ஓடுகளைத் தரையில் கொட்டுங்கள். 1524 கோடை. கருங்காட்டின் தெற்கு ஓரம், ஸ்விஸ் எல்லைக்கு ஒட்டி ஷ்ட்யூலிங்கன். நம்ம ஊர் மாதிரி எல்லையோரத்து ஊர். அறுவடை நேரத்தில் லுப்ஃபன் கோமகள் குடிகளைக் கூப்பிட்டு, நூல் சுற்ற நத்தை ஓடு பொறுக்கிக்கொண்டு வரச்சொன்னாள் என்று கதை. அப்படியே நடந்ததா என்று கேட்டால், ஊர் சொல்கிற கதை என்று சொல்லுங்கள். காரணம் நத்தை மட்டும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் பிறகு கொடுத்த புகார்ப் பட்டியலில் 60க்கும் மேல் குறை. இருந்தாலும் கதிர் தலை சாய்ந்து நிற்கும்போது வேறு வேலைக்கு ஆள் பிடிக்கிற கோபம் என்னவென்று எங்கள் கூட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தலைவனாக வந்தவன் ஹான்ஸ் ம்யூல்லர், முன்னாள் கூலிப்படை வீரன்.

செருப்பைக் காட்ட வேண்டிய இடமும் இதுதான். பிரபு போடுவது முள் வைத்த பூட்ஸ், குடியானவன் போடுவது வாரால் கட்டுகிற செருப்பு. அந்தக் கட்டுச்செருப்பைக் கொடியில் எழுதி ஏற்கெனவே சதி நடந்திருக்கிறது. யோஸ் ஃப்ரிட்ஸ் என்ற அடிமைக் குடியானவன் 1502, 1513, 1517 என்று மூன்று தடவை கூட்டம் சேர்த்தான். மூன்று தடவையும் விஷயம் வெளியே கசிந்தது, மூன்று தடவையும் அவன் மட்டும் நழுவிவிட்டான். பிள்ளைகளுக்கு இவனைத்தான் பிடிக்கும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், மொத்தக் கதையையும் தின்றுவிடுவான்.

அடுத்தது மெம்மிங்கன். 1525 மார்ச். ஏரிக்கரை, ஆல்காய், பால்ட்ரிங்கன் என்ற மூன்று கூட்டங்களிலிருந்து 50 பிரதிநிதிகள் வியாபாரிகள் சங்கத்து மண்டபத்தில் கூடினார்கள். பால்ட்ரிங்கன்காரர்களின் தலைவர் உல்ரிக் ஷ்மிட், ஒரு கொல்லர். மிருகத்தோலில் துணி தைக்கிற செபாஸ்டியன் லோட்சரும், ஊர் பிரசங்கி கிறிஸ்டோஃப் ஷாப்பலரும் சேர்ந்து எல்லாக் குறைகளையும் 12 கோரிக்கையாகச் சுருக்கினார்கள். ஓரத்தில் பக்கம் பக்கமாக வேத வசனம். இரண்டே மாதத்தில் சுமார் 25,000 பிரதி அச்சானது. அக்காலத்துக்கு அது பெரிய எண்ணிக்கை. படிக்கத் தெரிந்த ஒருத்தர் சத்தமாகப் படிக்க, தெரியாத பத்துப் பேர் கேட்டார்கள். வாசகசாலை வருவதற்கு முன்னாலேயே வாசகசாலை.

12 சீட்டு

என் அனுபவத்தில் இந்தச் சாயங்காலத்தின் உயிர் இங்கே இருக்கிறது. சண்டையில் இல்லை. சண்டைக் கதை எங்கும் கிடைக்கும். வயிறெரிந்தவர்கள் உட்கார்ந்து இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு மரியாதையாக ஒரு மனு எழுதினார்கள் என்பதுதான் சொல்லவேண்டியது. 12 கோரிக்கையையும் 12 சீட்டில் எளிய தமிழில் எழுதி, யாரிடம் எது என்று யோசித்துக் கொடுங்கள். எடுத்தவர் எழுந்து நின்று படிக்கணும். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள்.

முதல் சீட்டு: எங்கள் சாமியாரை நாங்களே தேர்ந்தெடுப்போம், சரியில்லை என்றால் நாங்களே நீக்குவோம். இரண்டாவது தசமபாகம், பறை காட்சியைப் பார்த்தவருக்கு உடனே பிடிபடும்: தானியத்தில் பத்தில் ஒன்று கொடுக்கிறோம், அதில் சாமியாருக்குச் சாப்பாடு, மிச்சம் ஊர் ஏழைகளுக்கு; மாட்டுக்கும் காய்கறிக்கும் தரமாட்டோம். யாராவது அந்த உரிமையை ஊரிடமிருந்து நியாயமாக விலைக்கு வாங்கியிருந்தால் அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்போம் என்று கூட எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது, உடலடிமை. கிறிஸ்து எல்லோரையும் தன் ரத்தத்தால் மீட்டார், இடையனையும் மிக உயர்ந்தவனையும் ஒன்றுபோல. ஆகவே நாங்கள் சுதந்திரமானவர்கள். ஆனால் ஆட்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை என்றும் அதே மூச்சில்.

நாலாவது சீட்டை யாராவது விவசாயியிடம் கொடுங்கள். காட்டு மிருகம், பறவை, மீன் எல்லாம் பிரபுவுக்கே; அவை எங்கள் பயிரைத் தின்றாலும் நாங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கணும் என்ற புகார். போன தடவை இதைப் படித்தவர் இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார். முந்தின வாரம்தான் காட்டுப்பன்றி அவருடைய மரவள்ளியைக் கிளறிப்போட்டிருந்தது. “ஐநூறு வருசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டானுங்க பாருங்” என்றார். பிறகு மயிலுக்குப் போனது பேச்சு, வனத்துறைக்குப் போனது, கால் மணி நேரம் ஆனது. அங்கே பன்றி பிரபுவின் வேட்டை விளையாட்டுக்கு, இங்கே பன்றி சட்டத்தின் பாதுகாப்பில், இரண்டும் ஒன்றில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? ஆனால் சீட்டின் கடைசி வரியைக் கட்டாயம் படிக்கவையுங்கள்: ஒருவர் அந்தத் தண்ணீரை விலைக்கு வாங்கியதாகப் பத்திரம் காட்டினால் பலவந்தமாகப் பிடுங்கமாட்டோம், பேசித் தீர்ப்போம். பத்திரத்தை மதிக்கிற கலகக்காரர்கள்!

ஐந்து, காட்டு விறகு. ஆறும் ஏழும் சம்பளமில்லா வேலை. எட்டு, தாங்கமுடியாத பாட்டத்தை நாணயமானவர்கள் வந்து நிலத்தைப் பார்த்துக் குறைக்கணும். ஒன்பது, அபராதம் ஆளைப் பார்த்துப் போடாமல் எழுதிவைத்த பழைய சட்டப்படி இருக்கணும். பத்து, ஊர்ப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தைத் திருப்பித் தரணும். இவற்றை ஓட்டமாகப் படித்துவிடலாம். பதினொன்று, சாவு வரி. சேலையும் கயிறும் ஏற்கெனவே பறை மேல் இருக்கிறது; விதவை ஒருத்தர் படித்தால் நல்லது, ஆனால் நீங்களாகக் கேட்காதீர்கள், அவர்களாக முன்வந்தால் மட்டும். பன்னிரண்டாவது சீட்டு கூட்டத்திலேயே மூத்தவருக்கு: இவற்றில் எதுவாவது வேதத்துக்கு விரோதம் என்று காட்டினால் அதை நாங்களே விலக்கிக்கொள்கிறோம்.

இரண்டாவது தடவை நான் இதைச் சொன்னபோது, 12 சீட்டும் முடிந்ததும் கள் இறக்குகிறவர் ஒருத்தர், மரம் மட்டுமே நம்பிப் பிழைக்கிறவர், கேட்டார்: “எல்லாஞ் சரி. நெலமே இல்லாதவனுக்கு இதுல என்ன இருக்குதுங்?” எனக்கு அந்தக் கேள்வி அதற்கு முன்னால் தோன்றவே இல்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். தசமபாகத்தில் மிஞ்சினது ஏழைகளுக்கு, காட்டு விறகு, பொது மேய்ச்சல், அவ்வளவுதான். இது பெரும்பாலும் நிலம் வைத்திருந்த குடித்தனக்காரர்களின் மனு. கூலியாள் அந்த மண்டபத்தில் பேச வரவில்லை. அப்போதுதான் எங்கள் ஊர்க் கணக்கும் வந்து நின்றது. 1970 ஜனவரி 1ல் பாட்டம் ஒழிந்து குடியானவருக்கு நிலம் சொந்தமானது. குடிசையில் இருந்த கூலிக்காரருக்குக் குடிகிடப்பு, அதாவது குடியிருந்த மனைக்கான உரிமை, 10 சென்ட். கள் இறக்குகிறவர் வீடு நிற்பது அந்தப் 10 சென்டில்தான். இப்போதெல்லாம் அவர் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வியை நானே போட்டுவிடுகிறேன்.

சண்டையை எவ்வளவு சொல்வது

கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பிரபுக்கள் பக்கம் ஸ்வாபியக் கூட்டணி, அதன் தளபதி கெயோர்க் ட்ருக்ஸெஸ். அவர்கள் முதலில் பேச்சுவார்த்தை என்று நாளைக் கடத்தியதற்கு ஒரு காரணம், வீரர்கள் இத்தாலியில் இருந்தார்கள். 1525 பிப்ரவரி 24ல் பாவியாவில் பேரரசர் படை பிரெஞ்சு ராஜாவைத் தோற்கடித்த பிறகு வேலையில்லாத கூலிப்படை வீரர்கள் வடக்கே திரும்பினார்கள். ஏப்ரல் 4ல் லைப்ஹைமில் முதல் அடி. ஏரிக்கரைக் கூட்டம் மட்டும் பலமானது, பழைய போர்வீரர்கள் கலந்து 12,000 பேர் அளவுக்கு. அதோடு மோதாமல் ஏப்ரல் 17ல் வைன்கார்ட்டனில் ஒப்பந்தம் போட்டார் ட்ருக்ஸெஸ். அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர் அடுத்த கூட்டத்தை நோக்கிப் போனார். தரையில் இருக்கிற புள்ளிகளைக் காலால் ஒவ்வொன்றாக அழித்துக் காட்டுங்கள்: மே 12 பூப்ளிங்கன், மே 15 ஃப்ராங்கன்ஹௌசன், ரைனுக்கு அந்தப் பக்கம் மே நடுவில் ட்ஸாபர்ன், ஜூன் 2 கூனிக்ஸ்ஹோஃபன்.

வைன்ஸ்பெர்கை ஒளிக்காதீர்கள். ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு. யாக்லைன் ரோர்பாக் தலைமையில் குடியானவர்கள் கோட்டையைப் பிடித்து, ஹெல்ஃபன்ஷ்டைன் பிரபுவையும் அவருடைய ஆட்களையும் ஈட்டி வரிசைக்கு நடுவில் ஓடவிட்டுக் கொன்றார்கள். இரண்டாவது தடவை நம்ம பக்கத்தை நல்லவராகக் காட்டணும் என்று இதை விட்டுவிட்டேன். பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருத்தன் போனில் தேடிக் கண்டுபிடித்து எல்லோர் முன்னாலும் கேட்டான். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவன் நம்பவில்லை, அவன்மேல் தப்பில்லை. பழிவாங்கலையும் சொல்லுங்கள்: ரோர்பாக்கை மரத்தில் சங்கிலியால் கட்டி, சுற்றிலும் நெருப்பு மூட்டிக் கொன்றார்கள். வைன்ஸ்பெர்க் ஊரையே கொளுத்தினார்கள்.

ஃப்ராங்கன்ஹௌசனில் பிரசங்கி தோமாஸ் ம்யுன்ட்சர், வானவில் எழுதிய கொடி. சண்டைக்கு முன்னால் சூரியனைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்ததாம், கடவுளே சாட்சி என்று நம்பினார்கள். பீரங்கி வெடித்ததும் ஓட்டம். சுமார் 6,000 பேர் செத்தார்கள். எதிர்ப்பக்கம் இழப்பு மிகக் கொஞ்சம். மாடியறையில் ஒளிந்திருந்த ம்யுன்ட்சரைப் பிடித்து, சித்திரவதை செய்து, மே 27ல் தலையை வெட்டினார்கள். போர் முழுவதிலும் செத்த குடியானவர்கள் 70,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பு. கிட்ஸிங்கன் ஊரில் சுமார் 60 பேரின் கண்ணைப் பிடுங்கினதை நான் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் சொல்வேன்.

லூதருக்கு இங்கேதான் இடம். ஏப்ரலில் எழுதினபோது, இந்தக் கலகத்துக்குக் காரணமே உங்கள் கொடுமைதான் என்று பிரபுக்களைக் கடிந்தார், குடியானவர்களையும் அடக்கினார். மே மாதம் எழுதினதில் கலகக்காரர்களைக் குத்து, வெட்டு, கொல் என்றார். எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம், புராட்டஸ்டண்டான சிஎஸ்ஐ குடும்பமும் உண்டு. இந்த இடத்தில் ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். உடனே அடுத்த வரியைச் சொல்லிவிடுங்கள்: ஃப்ராங்கன்ஹௌசனில் கத்தோலிக்கரான சாக்சனி கெயோர்க்கும் லூதர் பக்கம் சாய்ந்த ஹெஸ்ஸன் ஃபிலிப்பும் தோளோடு தோள் நின்றுதான் சுட்டார்கள். குடியானவனை அடிக்கும்போது யாரும் சபை பார்க்கவில்லை.

வருகிற கேள்விகள்

“பொம்பளைங்க என்ன பண்ணுனாங்க?” கட்டாயம் வரும். பூக்கிங்கன் ஊர் மார்கரேத் ரென்னர் பெயரைத் தயாராக வைத்திருங்கள். ரோர்பாக் கூட்டத்தோடு நின்று ஊக்கம் கொடுத்தவள், பிறகு பிடித்து அடைத்தார்கள், கடைசியில் வெளியே வந்தாள். “அப்புறம் என்னாச்சு?” எல்லாமே வீணாகவில்லை. 1526ல் கெம்ப்டன் மடத்தின் குடிகளுக்கும் மடாதிபதிக்கும் மெம்மிங்கனில் எழுத்தில் ஒப்பந்தம் ஆனது. ஆனால் உடலடிமை முறை பாடனில் 1783ல்தான் ஒழிந்தது, பிரஷ்யாவில் அதை ஒழிக்கும் ஆணை வந்தது 1807ல். சாக்பீஸால் 1525லிருந்து ஒரு கோடு போட்டு நீளத்தைக் காட்டுங்கள்.

ஜன்மியை நடுவில் இழுத்துப்போடும்போது கொஞ்சம் அடக்கம் வேண்டும். மூன்றாவது தடவை நான் ஆவேசம் வந்து, “அங்கே பிரபு, இங்கே ஜன்மி, ரெண்டும் ஒரே ஜாதி” என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் பழைய ஜன்மி வீட்டுப் பேத்தி உட்கார்ந்திருந்தாள். வீடு இடிந்து, நிலம் போய், அவள் சம்பளத்துக்கு ஒரு கடையில் பில் போடுகிறாள். எங்கள் வாசகசாலையில் அதிகம் புத்தகம் எடுப்பதும் அவள்தான். இரண்டு மாதம் வரவில்லை. பிறகு நான் போய்க் கூப்பிட்டேன்.

முடிக்கும்போது ஒரு படத்தைக் கையில் கையில் கொடுங்கள், ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்தால் போதும். அல்பிரெக்ட் ட்யூரர் என்ற ஓவியர் 1525லேயே, தன்னுடைய அளவைக் கணித நூலில் வரைந்தது. குடியானவர்களை வென்றதற்கு ஒரு வெற்றித்தூண். அடியில் கட்டிப்போட்ட மாடும் ஆடும் பன்றியும், மேலே ஓட்ஸ் பெட்டி, வெண்ணெய் கடைகிற பாத்திரம், பால்குடம், சேர்த்துக் கட்டின கவைக்கோலும் மண்வெட்டியும், கோழிக்கூண்டு. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு குடியானவன் கன்னத்தில் கை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான், முதுகில் வாள் செருகியிருக்கிறது. கேலியா, துக்கமா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். பிள்ளைகள் பாத்திரங்களை எண்ணட்டும். ஒரு பாட்டி படத்தை ரொம்ப நேரம் வைத்திருந்து, “அந்தக் கோழியவாச்சும் அவுத்து உட்டிருக்கலாம்” என்றார். நான் அதற்கு மேல் பேசவில்லை.

கடைசி வேலை, இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பது. மறுநாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். போன தடவை பறையும் நெல்லும் தந்த பெரியவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் வைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் எடங்கழியை எடுத்து, என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அளந்து, மேலே கையால் வழித்துத் தட்டினார்.

“அரை எடங்கழி கொறையுது, அம்முணி.”

சாயங்காலம் வாசல் பக்கம் ரெண்டு கோழி சுற்றிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன்தான்.